பால் கணக்குக் கொப்பி

மல்லாவியில் இருந்து ஐந்தே காலுக்கு வெளிக்கிடுகிற பஸ்.
கம்பியைப் பிடிக்க விரல் மடியாது.
முழங்கையைக் கொழுவிக்கொண்டு நிற்பேன்.
கிளிநொச்சியில் இறங்கித் துண்டெடுத்தால்
எழுபத்தொன்று.

"எங்க நோகுது?"
இரண்டு கை மொளியும், உள்ளங்காலும்,
வாய்க்குள்ள புண், வெயில் பட்டால் கன்னம் இரண்டும்...
"ஒண்டைச் சொல்லுங்கோ அம்மா."

ஒன்றைச் சொன்னேன். பனடோல்.
அடுத்த மாதம் வேறொன்றைச் சொன்னேன். விற்றமின்.
பிறகு வந்தவர் புதிய டொக்டர்:
"ஷெல் பட்டதா?"

பட்டது.
இடது தொடையில், ஒரு நெல்மணி அளவு.
"அதுதான்."

படமெடுத்தார்கள். வெளிச்சப் பெட்டியில்
அது தனியாக மினுங்கியது.
அறையில் நின்ற எல்லாரும் அதையே பார்த்தார்கள்,
கலியாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல.
ஐயா, அது பதின்மூன்று வருடமாக
என்னோடு ஒரு சொல் பேசியதில்லை.
கத்துகிறது விரல்கள்.

இங்கே எந்த நோவுக்கும் ஒரே ஆண்டைத்தான் எழுதுகிறார்கள்.
தலையிடிக்கு அந்த ஆண்டு.
நித்திரை வராததற்கு அந்த ஆண்டு.
என் தலைமயிர் கொத்தாகச் சீப்போடு வந்தது
போன ஆவணியில்.

அழுதால், "கனக்க யோசிக்கிறியள்."
அழாவிட்டால், "பாக்க நல்லாத்தானே இருக்கிறியள்."
பொட்டு வைத்துப் போனேன், வருத்தம் இல்லை என்றார்கள்.
வைக்காமல் போனேன், மனவருத்தம் என்றார்கள்,
அதற்கும் ஒரு அறைக்கு அனுப்பினார்கள்.
அங்கிருந்த பிள்ளை நல்ல பிள்ளை. பங்கரைப் பற்றிக் கேட்டாள்.
சொன்னேன். அழவும் செய்தேன், நெஞ்சு கொஞ்சம் லேசானது.
வீட்டுக்கு வந்து
தண்ணிப் போத்தல் மூடியைத் திறக்க முடியாமல்
பக்கத்து வீட்டுப் பெடியனைக் கூப்பிட்டேன்.

நான் பால் சேகரிக்கும் நிலையத்தில் கணக்கு எழுதுகிறவள்.
கிளினிக்குக்கு முதல்நாள் பின்னேரம்
கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.
மனேஜரிடம் கேட்கவில்லை.
அடுத்த நாள் அவர் கத்தினது வேறு கதை.

இந்தமுறை இருந்தவள் சின்ன வயது,
பத்துத் தமிழ்ச் சொல் தெரிந்த சிங்களப் பிள்ளை.
றெஜினா அக்கா பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கொப்பியை விரித்து முன்னால் வைத்தேன்.

விடிய ஐந்தே முக்கால்: கனகசூரியம், நாலரை லீற்றர்.
கோழி கிளறின மாதிரி.
ஏழு மணி: பூமலர், மூன்று. எழுத்து எழும்பப் பார்க்கிறது.
ஒன்பதரை: சந்தானம், ஐந்து. நேராக நிற்கிறது.
அடுத்த பக்கமும் அப்படி.
மாசியில் ஒரு மணித்தியாலம் கிளறின கோழி
ஆனியில் மத்தியானம் மட்டும் கிளறியிருந்தது.

அவளுக்கு ஒரு பெயரும் வாசிக்கத் தெரியாது.
விரலைக் கோணல் எழுத்தின் கீழ் வைத்தாள்,
பிறகு நேர் எழுத்தின் கீழ்.
பேனையை மூடினாள்.
"எத்தனை மணி?" என்றாள், தமிழில்.
இரண்டு வருடத்தில் முதன்முறையாக
ஓம் இல்லை என்று முடிக்க முடியாத ஒரு கேள்வி.

ஒவ்வொரு மொளியாக அமத்திப் பார்த்தாள்.
இரத்தம் கொழும்புக்குப் போனது.
ஆறு கிழமை.

மறுமொழி வந்த அன்று, இரண்டு கையையும் முட்டியாகப் பிடித்து
ஒன்றால் மற்றதைக் குத்திக் காட்டினாள்.
றெஜினா அக்கா தொடங்கினாள்:
"உங்கட இரத்தத்தில இருக்கிற..."
ஆமி என்ற சொல்
வாய்வரைக்கும் வந்து திரும்பிப் போனதைக் கண்டேன்.
"...காவலுக்கு நிக்கிறவை.
வீட்டாக்களையே அடிக்கினமாம்."
எனக்குச் சிரிப்பு வந்தது. றெஜினா அக்காவுக்கும்.
ஏனென்று தெரியாமல் டொக்டரும் சிரித்தாள்,
பிறகு தெரிந்ததோ என்னவோ, நிறுத்தினாள்.

சுகம் வராதாம். அடங்குமாம்.
காலையில் இரண்டு குளிசை, இரவு ஒன்று,
வெயிலுக்குக் குடை.
மார்கழியில் அவளுக்கு மாற்றம்.
கிளினிக் கொப்பியில் பெரிதாக எழுதச் சொன்னேன்,
எழுதித் தந்தாள், இரண்டு தரம் கோடு கீறி.

இன்று விடிய, மரியநாயகம், ஆறு லீற்றர்.
கடைசி எழுத்தின் புள்ளி
கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது.
திருத்தாமல் விட்டேன்.
அடுத்து வாற டொக்டருக்கு வேணும்.